பழைய வீட்டில் வெந்நீர்க் குழாயை மறைக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் எங்களுடையது பழைய ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர். பின்கட்டு மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கிறோம், அங்கிருந்து சிபிவிசி (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் தாழ்வாரச் சுவரிலேயே ஓடி அம்மாவின் குளியலறைக்கு வருகிறது. அம்மாவின் மூட்டுவலிக்கு அந்த வெந்நீர் பெரிய ஆறுதல். ஆனால் தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் அந்த இளமஞ்சள் குழாயையும் கிளாம்புகளையும் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

சுவரை வெட்டிப் புதைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார். எனக்கு மனம் வரவில்லை. உளி பட்டாலே காரை பாளம் பாளமாக உதிர்கிறது, அதன்மேல் சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்தில் உப்புப் பூத்துப் பொரியும். தவிர சிபிவிசி சூட்டில் நீளும்: 10 மீட்டர் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2.5 சென்டிமீட்டர். இறுக்கிப் பூசிவிட்டால் அந்த இழுவை எல்லாம் குழாய் திரும்பும் எல்போ இணைப்பில்தான் போய் நிற்கும்.

அதனால் பெட்டி மாதிரி அடித்து மூடலாம் என்று பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சுவரெல்லாம் ஓதம், கரையான் வேறு. பிளைவுட் தாங்குமா, சிமெண்ட் போர்டு நல்லதா? குழாய்க்கு நுரை உறை போட்டபிறகும் பிவிசி பேனல் சூட்டில் வளையுமா? அப்புறம், வால்வு இருக்கும் இடத்தில் ஸ்குரூவைக் கழற்றித் திறக்கிற மாதிரி வேண்டும். தஞ்சாவூர், மயிலாடுதுறை பக்கம் இப்படிச் செய்தவர்கள் தயவுசெய்து படம் போடுங்கள், பழைய வீட்டு வேலை தெரிந்த தச்சர் இருந்தாலும் சொல்லுங்கள்.