மெசி 35இல் மோவர் பூட்ட ஓவர்ரன் கப்ளர் கட்டாயமா?

செங்கலடித் தோட்டக்காரன்:
தென்னந்தோட்டத்தில் இலுக்குப் புல் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. புல் வெட்டும் ஐந்தடி ரோட்டரி மோவர் ஒன்று பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. அப்பாவின் மெசி பெர்குசன் 35 டிராக்டரில் பூட்டப் போகிறேன், ஒற்றைக் கிளட்ச் மெசின். ஒரு கராஜ் பாஸ் ஓவர்ரன் கப்ளர் போடச் சொல்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?

சம்மாந்துறைக் காக்கா:
சிரித்தவர்தான் சரி தம்பி. இதே 35இல் ரோட்டவேட்டர் பூட்டி எத்தனை போகம் அடித்திருக்கிறோம், கப்ளரைக் கண்ணால் கண்டதில்லை. அதைப் போட்டால் மெசினையும் மோவரையும் இணைக்கும் சாஃப்ட் நாலு அங்குலம் நீளும். மோவரைத் தூக்கும்போது சாஃப்டின் குழாய் உள்ளே முட்டி பீ.டி.ஓ. (மெசினின் பின்னால் சுழன்று கருவியை ஓட்டும் தண்டு) பேரிங் போய்விடும்.

பழைய இரும்பு:
காக்கா, ரோட்டவேட்டர் கத்தி மண்ணுக்குள் கிடப்பது. கிளட்சை மிதித்ததும் மண்ணே அதைப் பிடித்து நிறுத்திவிடும். மோவர் கத்தி காற்றில் சுழல்வது, அதுவும் நல்ல கனம். ஒற்றைக் கிளட்சில் மிதித்தால் எஞ்சின் மட்டும்தான் விலகும், பீ.டி.ஓ.வும் கியரும் சேர்ந்தே இருக்கும். கத்தியின் வேகம் சாஃப்ட் வழியாகக் கியர்பெட்டிக்குள் வந்து பின்சில்லைத் தள்ளும். கிளட்ச் மிதித்தபடியே வேலியை அறுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் முன்சில்லை இறக்கியவன் நான். கப்ளர் சைக்கிள் பிரீவீல் மாதிரி: எஞ்சின் கத்தியைச் சுழற்றலாம், கத்தி மெசினைத் தள்ள முடியாது.

சம்மாந்துறைக் காக்கா:
ஓட்டத் தெரியாத குறை என்று சொன்னால் கோபம் வரும், சொல்லவில்லை. முதலில் வேகத்தைக் குறை, பீ.டி.ஓ.வைக் கழற்று, அப்புறம் நிறுத்து. எதற்குக் காசு?

பழைய இரும்பு:
பட்டி மாடு குறுக்கே பாய்ந்தால் இந்த மூன்றையும் செய்து முடிக்கும்வரை அது நிற்குமா?

சம்மாந்துறைக் காக்கா:
சரி, மாட்டுக் கதையை ஒத்துக்கொள்கிறேன். தென்னைக்குள் வளைந்து வளைந்து ஓட்டுவதற்கும் அது நல்லதுதான். ஆனால் சாஃப்டை வெட்டாமல் பூட்டினால் நான் முதலில் சொன்னதுதான் நடக்கும். உள்குழாய், வெளிக்குழாய் இரண்டிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும். ஆக நீண்ட நிலையிலும் மூன்றிலொரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

பழைய இரும்பு:
அதில் சண்டையில்லை. தோட்டக்காரத் தம்பி, ஷியர் போல்டைப் பார்த்தீரா? பழைய மோவரில் என் கை முதலில் போவது அங்கேதான்.

செங்கலடித் தோட்டக்காரன்:
இப்போதுதான் பார்த்தேன். போல்டுக்குப் பதிலாகக் கம்பியை அறுத்து அடித்து இறுக்கி வைத்திருக்கிறார்கள்!

சம்மாந்துறைக் காக்கா:
அடப்பாவிகளா. தென்னங்குற்றியில் கத்தி அடித்தால் அறுந்துபோக வேண்டியதே அந்த போல்ட்தான். அது அறாவிட்டால் உன் அப்பாவின் கியர்பெட்டிதான் அறும். கப்ளருக்கு முதல் அதை மாற்று.

செங்கலடித் தோட்டக்காரன்:
கம்பியைக் கழற்றிவிட்டேன். கப்ளருக்கும் சொல்லியாயிற்று. சாஃப்டை இன்றைக்கே வெட்டிவிடவா?

பழைய இரும்பு:
வேண்டாம். கப்ளர் கைக்கு வரட்டும். அதை மாட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு, மோவர் கீழே கிடக்கும்போதும் மேலே தூக்கிய நிலையிலும் அள. வெட்டிய குழாயை ஒட்ட முடியாது.