டூர் டி பிரான்ஸ் 2026: கழகப் பந்தயத்தில் எல்லாரும் பொகாச்சரையே எழுதினால் என்ன செய்வது?

கொக்குவில் பெடியன்:

வணக்கம் அண்ணைமார், அக்காமார். தைப்பொங்கலுக்கு எங்கள் கழகம் வைத்த சைக்கிள் ஓட்டம் முடிந்து, பந்தல் கழற்றிக்கொண்டு நின்றபோது வந்த கதை இது. ஜூலையில் மூன்று கிழமை நடக்கிற டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டிக்கு நாங்களும் ஒரு பந்தயம் போடுவோம் என்று முடிவாகிவிட்டது. ஆளுக்கு 500 ரூபா. சேருகிற காசு வெல்லுகிறவருக்கு. கடைசியாக வருகிறவர் எல்லாருக்கும் றோல்ஸும் பிளேன்ரீயும் வாங்கித் தரவேண்டும்.

பிரச்சினை என்னவென்றால், மஞ்சள் ஜெர்சிக்கு (மொத்த நேரத்தில் முதலாவதாக நிற்பவர் போடுவது) ஒரு பெயர் எழுதித் தாங்கோ என்றால் அத்தனை பேரும் போன வருடம் வென்ற பொகாச்சர் என்று எழுதித் தந்துவிட்டார்கள். இதில் யார் யாரை வெல்வது?

இன்னொன்று. பாரிஸில் இருக்கிற மச்சான் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். பந்தயக் கடையில் பொகாச்சருக்கு 1.25 போட்டிருக்கிறார்கள். "இப்பவே கட்டு, ஜூலை வரும்போது இன்னும் இறங்கிவிடும், உனக்கும் சேர்த்து நான் கட்டிவிடுகிறேன்" என்கிறான். கட்டலாமா? இரவில் ஓட்டத்தைப் பார்ப்பேன், ரசிப்பேன். ஆனால் நாளைய ஸ்டேஜை (ஒரு நாளில் ஓடுகிற பகுதியை) யார் வெல்வார் என்று முதல் நாளே எதை வைத்துச் சொல்கிறார்கள் என்பது மட்டும் பிடிபடவில்லை.

பழைய செயின்:

தம்பி, கடையைப் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன், கொஞ்சம் நீளும். சைக்கிள் திருத்துகிற கையால் தட்டுவதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் அந்த 1.25. நீ 1000 ரூபா கட்டினால் 1250 திரும்பி வரும், மிச்சம் 250. நட்டம் வராமல் இருக்கவேண்டும் என்றால் பத்து டூரில் எட்டை அவர் வெல்லவேண்டும். பொகாச்சர் இதுவரை ஓடியது ஆறு டூர். 2020, 2021, 2024, 2025 நான்கும் அவருடையவை. 2022, 2023 இரண்டிலும் விங்ககோருக்குப் பின்னால் இரண்டாமிடம். இந்தக் காலத்தில் அவரைப் போல ஓர் ஓட்டக்காரர் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறில் நாலு வென்றவருக்குப் பத்தில் எட்டு வெல்லுகிறவரின் விலை கேட்கிறார்கள். ஆளில் குறையில்லை, விலைதான் கூடிப்போச்சு.

அதோடு இப்போது தை மாதம். டூர் தொடங்குகிற ஜூலை 4-க்கு முன்னால் அவர் கல் பதித்த வீதிகளில் ஓடுகிற வசந்தகாலப் போட்டிகள் எல்லாம் கிடக்கின்றன. 2024 ஏப்ரலில் விங்ககோர் பாஸ்க் நாட்டில் விழுந்ததை நினைத்துப்பார். காறை எலும்பு முறிந்தது, நுரையீரல் பாதிக்கப்பட்டது. அந்த மனுசன் ஜூலையில் வந்து இரண்டாவதாக முடித்தது வேறு கதை. இவ்வளவு முன்கூட்டிக் கட்டுகிற காசை, ஆள் ஓட்டத்துக்கே வராவிட்டாலும் பல இடங்களில் திருப்பித் தரமாட்டார்கள். மச்சானிடம் அந்த நிபந்தனையை வாசிக்கச் சொல். 1.25 இன்னும் எவ்வளவுக்கு இறங்கும்? 1.15? அந்தப் பத்துச் சதத்துக்காக ஆறு மாதம் காசைப் பூட்டி வைக்கத் தேவையில்லை. ஜூனில், டூருக்கு முன்னோட்டமாக ஓடுகிற டோபினே முடியட்டும் (இந்த வருடம் அதற்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு அது எப்போதும் டோபினேதான்). யார் எந்த நிலையில் வருகிறார் என்று பார்த்துவிட்டு யோசி.

சரி, ஸ்டேஜுக்கு வருவோம். உண்மையான ருசி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி "யார் திறமான ஆள்?" மூன்று கிழமை ஓடுகிற போட்டியில் அந்தக் கேள்வி பாதி நாட்களுக்கு உதவாது. நான் கேட்பது வேறு: இன்றைக்கு இந்த ஸ்டேஜ் யாருக்குத் தேவை, யாரைப் போக விடுவார்கள்?

போன வருடத்தைப் பார். ஓட்டக்கம் மலையில் பொகாச்சர் விங்ககோரைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்தார். அடுத்த நாள் பெராகூட் மலையில் தனியாள் நேர ஓட்டம் (ஒவ்வொருவராக விட்டு நேரம் பார்ப்பது), அதையும் வென்றார். அது 13-ஆவது ஸ்டேஜ், நாலு நிமிடத்துக்கு மேல் முன்னிலை. அதற்குப் பிறகு பாரிஸ் வரை ஒரு ஸ்டேஜும் அவர் வெல்லவில்லை! மோன் வோந்து மலையை பரே-பெந்த்ர் வென்றார். கோல் து லா லோஸ் மலையை ஒகொனர். லா பிளாஞ்ஞை ஆரன்ஸ்மன். மூன்றும் பெரிய மலைகள். மூன்று நாளும் "இன்றைக்குப் பொகாச்சர்தான்" என்று எழுதியவர்களுக்குப் புள்ளியே இல்லை.

காரணம் சிக்கலானதல்ல. ஓர் அணிக்கு எட்டுப் பேர். மஞ்சள் ஜெர்சிக்காரருக்கு விங்ககோர் தன் பின்சில்லிலேயே இருந்தால் போதும். இருபது நிமிடம் பின்னால் கிடக்கிற ஒருவர் காலையிலேயே பிரிந்து போனால் மஞ்சளுக்கு ஆபத்தில்லை. அவரைத் துரத்தித் தன் பெடியளின் கால்பலத்தை ஏன் வீணாக்கவேண்டும்? ஆகவே ஒவ்வொரு நாள் இரவும் நான் மொத்தப் பட்டியலின் மேல்பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியைத்தான் வாசிப்பேன். மலை ஏறத் தெரிந்தவர், நேரத்தில் தொலைந்துபோனவர், அணிக்கு இன்னும் ஒரு வெற்றியும் இல்லாதவர். இந்த மூன்றும் ஒரே ஆளில் பொருந்தினால் அந்தப் பெயரைக் குறித்து வைப்பேன்.

அதையே இந்த வருடப் பாதையில் போட்டுப்பார். 19-ஆவது, 20-ஆவது ஸ்டேஜ் இரண்டும் ஆல்ப் துவேஸ் மலையில் முடிகின்றன, அடுத்தடுத்த நாள். 19 சின்னது, காப் நகரத்திலிருந்து. 20 பெரியது: குருவா து பேர், கலிபியே எல்லாம் ஏறி, சாரென் கணவாய் வழியாகப் பின்பக்கத்தால் வருகிறார்கள். ஒரே நாளில் மொத்தம் 5600 மீற்றர் ஏற்றம். பொகாச்சர் ஆல்ப் துவேஸில் இன்னும் வென்றதில்லை. 2022-இல் அதைத் தட்டிக்கொண்டு போனவர் பிட்கொக், அவரும் கலிபியே இறக்கத்தில் பாய்ந்து, முன்னால் பிரிந்து போன கூட்டத்தோடு சேர்ந்தவர். ஆகவே 19-இல் பொகாச்சருக்கு ஆசை வரும், அணியும் துரத்தும். 20-இல் தொடக்கமே பெரிய ஏற்றம் என்பதால் நல்ல மலைக்காரர்கள் காலையிலேயே பிரிந்துவிடுவார்கள், மஞ்சள் முடிவாகியிருந்தால் பின்னால் யாரும் சாகத் தயாராக இருக்கமாட்டார்கள். என் எண்ணம்: 19-க்கு மஞ்சள், 20-க்குத் தொலைந்துபோன ஒருவர். 18-ஆவது ஸ்டேஜ் முடிவில் முதல் இருவருக்கும் இடைவெளி ஒரு நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் இதை அப்படியே தலைகீழாக்கு.

முதல் நாளையும் விட்டுவிடாதே. பார்சலோனாவில் அணியாக ஓடும் நேர ஓட்டம். ஆனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் கோட்டைத் தாண்டுகிற நேரம்தான். முடிவு மொன்யுயிக் மேட்டில். அணிக்காரர் அடிவாரம் வரை இழுத்துக் கொண்டுவந்து விடுவார்கள், தலைவர் கடைசி ஏற்றத்தைத் தனியாக அடித்து ஏறுவார். முதல் மஞ்சள் யாருக்கு என்பதைப் பந்தயத்தில் தனிக் கேள்வியாக வைத்தால் நல்ல சண்டை வரும்.

காற்று. இதைப் பெடியள் யாரும் பார்ப்பதில்லை. சோளகம் அடிக்கிற காலத்தில் பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குச் சைக்கிளில் போயிருக்கிறாயா? நாலு பேர் போனால், முன்னுக்குப் போகிறவனின் நேர் பின்னால் ஒளிய முடியாது. காற்று விலாவில் அடிக்கும். ஒருத்தனுக்கு ஒருத்தன் சரிந்து, வீதிக்குக் குறுக்காகத்தான் வரிசை நிற்கும். மூன்று பேருக்கு இடம் இருக்கும், நாலாவது ஆள் வீதிக் கரைக்குப் போய்விடுவான், அவனுக்கு மறைப்பே இல்லை. பத்து மீற்றர் விட்டால் பிறகு பிடிக்கவே முடியாது. போன வருடம் லீல் நகரத்தில் முதல் நாளே இதுதான் நடந்தது. பெரிய பெயர்களான எவனபூல், ரொக்லிச் இருவரும் பின்கூட்டத்தில் மாட்டி 39 விநாடி விட்டார்கள். தட்டை வீதி, பெரிய மலை ஒன்றும் இல்லை. சமதரை ஸ்டேஜ் என்றால் முதல் நாள் இரவு அந்த ஊர்க் காற்றின் திசையைப் போனில் பார்த்துவிட்டுப் பெயர் எழுது.

உன் பிரச்சினைக்கு மருந்து சின்னது. மஞ்சளுக்குப் புள்ளியைக் குறை. ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் ஒரு பெயர், ஆனால் ஒருவரை மூன்று கிழமையில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம் என்று விதி வை. அப்போது பொகாச்சரை எந்த நாளுக்கு வைத்திருப்பது என்பதே மண்டையைக் குடையும்.

வடமராட்சி அக்கா:

பழைய செயின் அண்ணை சொன்ன விதியை எங்கள் ஒபிசில் வைத்திருக்கிறோம், நன்றாக வேலை செய்கிறது. ஒன்று சேர்க்கிறேன். கோட்டைத் தாண்டுகிற முதல் மூவருக்கு 10, 6, 4 என்று விநாடி கழிப்பார்கள். அதைச் சின்ன விசயம் என்று நினைக்கவேண்டாம். 2024 பெண்கள் டூர் இதே ஆல்ப் துவேஸில் முடிந்தது. அன்றைக்கு வென்றவர் டெமி வொலரிங். ஆனால் மொத்தத்தில் காசியா நியவியாடோமா 4 விநாடியால் தப்பினார். மேலே வந்தும் தான் வென்றுவிட்டேனா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பிள்ளை விழுந்து கிடந்ததைப் பார்த்து நான் சோறு ஆறவிட்டேன். 8 ஸ்டேஜ் ஓடி 4 விநாடி!

இந்த வருடம் பெண்கள் டூர் ஓகஸ்ட் 1 லொசான் நகரத்தில் தொடங்குகிறது, மோன் வோந்து மலையும் இருக்கிறது. ஆண்கள் டூரோடு கடையைச் சாத்தாமல் அதற்கும் ஒரு பந்தயம் வையுங்கோ தம்பி. அங்கே எல்லாரும் ஒரே பெயரை எழுதமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

லா சப்பல் வாசி:

நான் பாரிஸில்தான் இருக்கிறேன், உன் மச்சானைத் தெரியாது. கடைசி நாளைப் பற்றி மட்டும் சொல்லுகிறேன். முந்தி கடைசி ஸ்டேஜ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்பிரிண்டரை (கோட்டுக்குக் கிட்ட வேகமாகப் பாய்கிறவரை) எழுதலாம். போன வருடம் எங்கள் பக்கத்தில் மொன்மார்த் மேட்டை மூன்று தடவை ஏற்றிவிட்டார்கள். மழை. கல் வீதி வழுக்கியது. விழுந்து கெடக்கூடாது என்று மொத்த நேரத்தை ஏறத்தாழ 50 கிலோமீற்றர் இருக்கும்போதே நிறுத்தி எடுத்துவிட்டார்கள். அப்படியிருந்தும் பொகாச்சர் விடவில்லை, ஏற ஏற இழுத்தார். கடைசி ஏற்றத்தில் வவுட் வான் ஆர்ட் அவரையே கழற்றிவிட்டுத் தனியாகப் போய் வென்றார். சனம் நெருக்கியடித்து நின்றது, எனக்கு முன்னால் நின்றவரின் குடையைத்தான் நான் கூடப் பார்த்தேன்.

இந்த முறையும் மொன்மார்த் இருக்கிறது. ஆனால் கடைசி ஏற்றத்துக்கும் கோட்டுக்கும் இடையில் தூரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அதனால் ஏறவும் தெரிந்த ஸ்பிரிண்டர்களுக்கு வழி இருக்கிறது. மழை பெய்தால் வான் ஆர்ட் மாதிரி ஆள், காய்ந்த வீதி என்றால் ஸ்பிரிண்டர். ஞாயிறு காலை வானிலையைப் பார்த்துவிட்டு எழுது.

கொக்குவில் பெடியன்:

எல்லாருக்கும் நன்றி. ஒருவரை ஒரு தடவை என்ற விதியைக் கழகத்தில் சொன்னேன், உடனே சண்டை தொடங்கிவிட்டது, நல்ல அறிகுறி. மச்சானிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் இப்போது வேறொன்று சொல்கிறான்: "யார் வெல்வார் என்பதை விடு, இரண்டு பேரைப் போட்டு யார் முன்னால் முடிப்பார் என்று கேட்பார்கள், அதுதான் லேசு." ஒரு பக்கம் 1.85, மறுபக்கமும் 1.85. பாதிக்குப் பாதி தானே அண்ணை?

பழைய செயின்:

பாதிக்குப் பாதி என்றால் இரண்டு பக்கமும் 2.00 போட்டிருக்க வேண்டும் தம்பி. 1.85 என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 54 வீதம். கூட்டினால் 108. அந்த எட்டுக் கடைக்காரனுக்கு. நூறு தடவையில் ஐம்பத்து நாலுக்கு மேல் நீ சரியாகச் சொன்னால்தான் உன் கைக்கு ஏதும் வரும்.

ஆனாலும் மற்றவற்றைவிட இதுதான் யோசித்து விளையாடக்கூடிய இடம். கடைக்காரன் பெயரைப் பார்த்து விலை போடுகிறான், நீ அந்த ஆளின் வேலையைப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, யூஏஈ அணியில் பொகாச்சருக்கு உதவி செய்கிற நல்ல மலைக்காரர் ஒருவரையும், சின்ன அணித் தலைவர் ஒருவரையும் மோதவிட்டிருப்பார்கள். திறமையில் முதலாமவர்தான் மேல். ஆனால் அவர் மலையின் பாதி வரை இழுத்துவிட்டு, வேலை முடிந்ததும் வேகத்தை விட்டுவிட்டு ஆறுதலாக வருவார். மற்றவர் பத்தாம் இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஏறுவார். அந்த மாதிரிச் சோடி வந்தால் சின்ன அணிக்காரரை எடு.

நடுவில் ஒருவர் விழுந்து விலகினால் என்ன என்பதை மட்டும் முதலே கேட்டுக்கொள். பெரும்பாலும் ஸ்டேஜ் வெளிக்கிட முன்னமே ஆள் வராவிட்டால் காசு திரும்பும். வெளிக்கிட்டு நூறு மீற்றரில் விழுந்தாலும் அது தோல்விக் கணக்கு. கழகப் பந்தயத்துக்கும் இதையே எழுதி ஒட்டிவிடு. பெயர் கொடுக்கிற நேரம் எங்கள் நேரம் பின்னேரம் நாலு மணி என்று வை. மலை நாட்களில் முந்தி வெளிக்கிடுவார்கள், அதற்கு மட்டும் மத்தியானம். ஓட்டம் முடிய இரவு ஒன்பது ஆகும், றோல்ஸ் கடையைத் திறந்து வைத்திருக்கச் சொல்.