புதுப்பிப்பு: பதிவுக் கோப்பில் வண்ணக் குறிகள் கலந்த சிக்கல்

நான் எழுதிவரும் கட்டளைவரிக் கருவியின் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரலின்) வெளியீட்டைக் கோப்பில் சேமித்தால், பிழைச் செய்திகளுக்கு முன்னால் சதுர அடைப்புக்குறியும் 31 என்ற எண்ணுமாகச் சிவப்பு நிறத்துக்கான எஸ்கேப் குறிகள் (திரையில் நிறத்தை மாற்றச் சொல்லும் மறைகுறிகள்) அப்படியே பதிவாகின்றன என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

டெர்ம் (TERM) என்ற சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பை, மட்டும் பார்த்து வண்ணத்தை இயக்கியதுதான் பிழை. அந்த மாறி முனையத்தின் (கட்டளைகளும் வெளியீடும் தோன்றும் திரையின்) வகையைச் சொல்லுமே தவிர, வெளியீடு உண்மையில் முனையத்துக்குத்தான் போகிறதா, கோப்புக்கோ, பைப் வழியாக வேறொரு நிரலுக்கோ போகிறதா என்பதைச் சொல்லாது. அதை இஸ்-ஏ-டிடிஒய் (isatty) என்ற செயற்கூற்றை அழைத்துத்தான் அறிய வேண்டும். வழக்கமான வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் ஒன்றைக் கோப்புக்குத் திருப்பிவிட்டு மற்றொன்றைத் திரையிலேயே விடுவது அன்றாட வழக்கம்.

இப்போது, வண்ணம் வேண்டாம் என்று பயனர் தெரிவிக்கும் நோ-கலர் (NO_COLOR) மாறி வெறுமையாக இல்லாமல் அமைக்கப்பட்டிருந்தால் வேறெதையும் பாராமல் வண்ணத்தை நிறுத்திவிடுகிறேன். 2017-இல் முன்வைக்கப்பட்ட இந்த வழக்கம் பயனரின் விருப்பத்தை மதிப்பதால், அதற்கே முதலிடம் தருவது முறை என்று உறுதியாக நம்புகிறேன். டெர்ம் மதிப்பு 'dumb' (வண்ணம் போன்ற வசதிகள் இல்லாத எளிய முனையம்) என்றிருந்தாலும் வண்ணம் இல்லை.

ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. 256-ஐவிட மிகப் பல நிறங்களைத் தரும் 24 பிட் வண்ண ஆதரவைத் தெரிவிக்கும் கலர்டெர்ம் (COLORTERM) மாறியை, வேறு கணினியில் தொலைவிலிருந்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச் (SSH) இயல்பாகத் தொலைக் கணினிக்குக் கடத்துவதில்லை. இவ்விரண்டில் டெர்ம் மட்டுமே போகிறது. எனவே அங்கே 256 வண்ணங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.