பெற்றோர் வீட்டு ரவுட்டர்: ஓபன்டபிள்யூஆர்டி போடலாமா, வேண்டாமா? (பாலக்கோடு, 100 எம்பிபிஎஸ்)

பாலக்கோடு_தக்காளி:
வீடு பாலக்கோட்டில், மேலும் கீழும் கான்கிரீட் தளம். அப்பா அம்மா மட்டும்தான் இருக்காங்க, நான் பெங்களூரு. ஃபைபர் 100 எம்பிபிஎஸ். கேபிள்காரர் வச்ச ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியுற) பெட்டியோட வைஃபை மாடிக்கு எட்டல. தனி ரவுட்டர் வாங்கணும். ஓபன்டபிள்யூஆர்டி (கம்பெனி மென்பொருளுக்குப் பதிலா நாமே ஏத்திக்கிற திறந்த மென்பொருள்) ஏறுற மாடலா பார்த்து வாங்கணுமா, கடைக்காரர் கொடுக்கிறதே போதுமா? தர்மபுரியில் டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் மலிவா கிடைக்குதுன்னு சொல்றாங்க.

ஓசூர்_லூசி:
841 பக்கமே போகாதீங்க. அதுல பெரும்பாலான வர்ஷன்கள் 4 எம்பி ஃபிளாஷ் (மென்பொருள் பதியுற இடம்), 32 எம்பி ரேம். அந்த அளவுக்கு ஓபன்டபிள்யூஆர்டி 19.07 வெளியீட்டோட கதை முடிஞ்சுது. 2022-க்கு அப்புறம் அந்த வரிசைக்குத் திருத்தமே இல்ல. இன்னிக்கு வாங்குறதுன்னா 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் அடிமட்டம்.

பெட்டி மேல போட்டிருக்கிற பெயரை நம்பி வாங்கவும் கூடாது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6-ஐயே எடுத்துக்குங்க: வர்ஷன் 2-ல் குவால்காம் சிப், வர்ஷன் 3-ல் மீடியாடெக் எம்டி7621. பெயர் ஒண்ணு, உள்ளே இருக்கிறது வேற வேற, ஏத்த வேண்டிய கோப்பும் வேற. கடையிலேயே ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டின ஸ்டிக்கர்ல வர்ஷனைப் படிச்சு, ஓபன்டபிள்யூஆர்டி தளத்துப் பட்டியலோட ஒத்துப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. பிராட்காம் வைஃபை சிப்னா வச்சுட்டு வந்துடுங்க, திறந்த டிரைவர் சரியா கிடையாது.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்:
கேள்வியோட பாதியை விட்டுட்டீங்க. மாடிக்கு சிக்னல் எட்டலங்கிறார். கான்கிரீட் தளம் குடிச்ச சிக்னலை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. கீழிருந்து மாடிக்கு கேட்6 ஒயர் இழுத்து, மேலே இன்னொரு பெட்டியை ஆக்சஸ் பாயின்டா (ஒயர்ல வர்ற நெட்டை வைஃபையா பரப்புற பெட்டி) வச்சாத்தான் தீரும். ஒயர் முழுத் தாமிரமா இருக்கணும், அலுமினியத்துல தாமிரம் பூசினது வேண்டாம். கிரிம்ப் பண்றப்போ 8 கம்பியில் ஒண்ணு பிடிக்கலேன்னாலும் 1000 எம்பிபிஎஸ்ல ஓட வேண்டிய இணைப்பு 100-க்கு இறங்கிடும், இல்லேன்னா வராமலே போகும்.

அடுத்தது, இவர் இருக்கிறது பெங்களூரு. ஓபன்டபிள்யூஆர்டியில் புதுப் பெருவெளியீடு வந்து ஆறேழு மாசத்துல பழையதுக்குத் திருத்தம் நின்னுடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் உட்கார்ந்து மாத்தணும். அம்மாவா லூசியை (ஓபன்டபிள்யூஆர்டியோட அமைப்புப் பக்கம்) திறந்து சிஸ்அப்கிரேட் (மொத்த மென்பொருளையும் புதுசா மாத்துறது) அழுத்துவாங்க? தானா புதுப்பிச்சுக்கிற ரவுட்டரை வாங்கி, அந்த வசதியை ஆன் பண்ணி விட்டுட்டா வேலை முடிஞ்சுது.

ஓசூர்_லூசி:
தானா புதுப்பிக்கும், சரி. எத்தனை வருஷத்துக்கு? மாடல் பழசானதும் தயாரிப்பாளர் நிறுத்திடுவார், பெட்டி மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். 2018-ல் விபிஎன்ஃபில்டர்ங்கிற தீம்பொருள் 5 லட்சம் கருவிகளுக்குள்ள புகுந்ததே, பல கம்பெனி வீட்டு ரவுட்டருங்கதான்.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்:
உங்க பக்கம் மட்டும் ஓட்டையே விழாதா? ஓபன்டபிள்யூஆர்டியின் ஓபிகேஜி (கூடுதல் மென்பொருள் பொதிகளை இறக்கி நிறுவுற கருவி), இறக்கின பொதியோட கைரேகையை (கோப்பு மாறலைன்னு காட்டுற செக்சம்) ஒழுங்கா சரிபார்க்காமலே 2017-லிருந்து ஓடிச்சு. 2020-ல்தான் கண்டுபிடிச்சு அடைச்சாங்க. அடைச்சது ஏத்தினவங்களுக்குத்தான் உதவும், ஏத்தாம கிடந்த வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? நான் கேட்கிறதும் அதேதான்: யார் ஏத்துவாங்க?

ஓசூர்_லூசி:
பெங்களூருல இருந்தே ஏத்தலாம். கேபிள்காரங்க பெரும்பாலும் பொது ஐபி கொடுக்க மாட்டாங்க, அதனால வெளியிலிருந்து நேரா வீட்டுக்குள்ள நுழைய முடியாது. வீட்டு ரவுட்டர்தான் வெளியே கூப்பிடணும். பொது ஐபி உள்ள ஒரு வாடகை சர்வருக்கு வயர்கார்டு (மறைகுறியிட்ட விபிஎன்) இணைப்பு வச்சு, பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் (இணைப்பு அறாம இருக்க அனுப்புற துடிப்பு) 25 நொடின்னு போட்டா வழி திறந்தே இருக்கும். வயர்கார்டு 16 எம்பி ஃபிளாஷுக்குள்ள அடங்கும். டெயில்ஸ்கேல் (வாடகை சர்வர் இல்லாமலே இதே வேலையைச் செய்யுற சேவை) வேணும்னா அடங்குறது கஷ்டம், 128 எம்பி நேண்ட் ஃபிளாஷ் இருக்கிற மாடலுக்குப் போங்க. இவர் விஷயத்துல ஃபிளாஷ் அளவை முடிவு பண்றது இதுதான்.

சிப்னு பார்த்தா மீடியாடெக் ஃபிலாஜிக் எம்டி7981 நல்ல தேர்வு: 1.3 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கரு, வைஃபை 6. க்யூடி டபிள்யூஆர்3000 அந்த வகை. அதுல நேரா ஏத்த முடியாது. க்யூடி கம்பெனி தளத்துல கிடைக்கிற கையொப்பமிட்ட இடைநிலைக் கோப்பை முதல்ல ஏத்தணும், அதுக்கப்புறம் அதிகாரபூர்வ சிஸ்அப்கிரேட் கோப்பு. ரெண்டாவதை ஏத்துறப்போ 'அமைப்புகளை வைத்திரு' டிக்கை எடுத்துடுங்க.

அரூர்_ஸ்ப்ளைசர்:
ரெண்டு அண்ணனும் ரவுட்டர்லயே நிக்கிறீங்க. இந்த வீட்டுல முதல் தகராறு ஓஎன்டிகிட்டதான் வரும். பல ஓஎன்டிக்கு உள் ஐபி 192.168.1.1. புதுசா ஏத்தின ஓபன்டபிள்யூஆர்டிக்கும் அதே 192.168.1.1. ரெண்டையும் கோத்தா நெட் வராது, ரவுட்டர் பழுதுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க. ஒயரை ஓஎன்டியில் செருகறதுக்கு முன்னாடியே லேன் ஐபியை 192.168.10.1-ன்னு மாத்திடுங்க. வைஃபையும் அணைஞ்சுதான் இருக்கும், லேன் ஒயர் வழியாத்தான் உள்ளே போகணும்.

நல்ல வழின்னா கேபிள்காரர்கிட்ட சொல்லி ஓஎன்டியை பிரிட்ஜ் (நெட்டை அப்படியே ரவுட்டருக்குக் கடத்துற முறை) ஆக்குறது. பிபிபிஓஇ (ரவுட்டர் நெட்டுக்குள்ள லாகின் ஆகுற முறை) பயனர் பெயர், கடவுச்சொல் ரெண்டும் எழுதி வாங்கிக்குங்க. விலான் எண்ணை (லைனுக்குக் கம்பெனி வச்ச அடையாள எண்) ஓஎன்டியே போட்டுக்குதா, ரவுட்டர்ல போடணுமான்னும் கேளுங்க, ஆளுக்கு ஆள் மாறும். எம்டியு (ஒரு தரவுப் பொட்டலத்தோட உச்ச அளவு) 1492. லேண்ட்லைனும் அதே பெட்டியில்னா, இணையத்துக்கான இணைப்பை மட்டும் பிரிட்ஜ் ஆக்கச் சொல்லுங்க.

இடிக்கு ஒண்ணு. சித்திரை, வைகாசி மழைக்கு இந்தப் பக்கம் இடி எப்படின்னு தெரியும். ஃபைபர் கண்ணாடிதான், ஆனா டிராப் கேபிள் கூடவே ஒரு இரும்புக் கம்பி வரும். அதை வீட்டுக்கு வெளியவே கொக்கியில் கட்டி வெட்டிடணும், பெட்டி வரைக்கும் கொண்டுவரக் கூடாது. மாடிக்குப் போற கேட்6-ஐ வெளிச்சுவர் வழியா விடாம படிக்கட்டு வழியா உள்ளேயே ஏத்துங்க.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்:
அரூர்காரர் சொன்னது தங்கம். கரண்ட்டையும் சேர்த்துக்குங்க. இந்த ரவுட்டருங்கள்ல பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தா, நேரம் பழசிலேயே நிக்கும். மறைகுறியிட்ட டிஎன்எஸ் (தளப் பெயரை ஐபி எண்ணா மாத்துற சேவை) போட்டிருந்தா, நேரம் தப்பா இருக்கிறதால சான்றிதழ் செல்லாதுன்னு தள்ளிடும். டிஎன்எஸ் இல்லாம நேர சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது. ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கும், வீட்டுல "நெட் இல்ல"ன்னு போன் வரும். பெட்டியோடவே வர்ற கம்பெனி மென்பொருள்ல இந்த வம்பு கிடையாது, ஏன்னா அதுல யாரும் இவ்வளவு நோண்டறதில்ல.

ஓசூர்_லூசி:
ஒத்துக்கிறேன், அது நோண்டுறவங்களுக்கு வர்ற நோய். மருந்து சின்னதுதான்: நேர சர்வர்ல ஒண்ணையாவது ஐபி எண்ணாவே கொடுத்துடுங்க. 5 கிகாஹெர்ட்ஸை 36-லிருந்து 48-க்குள்ள சேனல்ல வைங்க, நாட்டுக் குறி இந்தியா. 52-லிருந்து 64, இல்ல 100-லிருந்து 144 வரைக்கும் உள்ள டிஎஃப்எஸ் (ரேடாரோட பகிர்ந்துக்கிற) சேனல்ல வச்சா, கரண்ட் வந்ததும் ரேடார் இருக்கான்னு ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுட்டுத்தான் வைஃபை எழும்பும். அந்த ஒரு நிமிஷத்துல உங்களுக்கு மூணு மிஸ்டு கால்.

வீடியோ கால் திக்கினா எஸ்க்யூஎம்-ல் (நெரிசல்ல வரிசையை ஒழுங்குபடுத்துற பொதி) கேக்ங்கிற முறையைப் போடுங்க: ரெண்டு பக்கமும் 90 மெகாபிட், ஓவர்ஹெட் (பொட்டலத்தோட கூடுதலா சேர்ற அளவு) 44. ஹார்ட்வேர் ஆஃப்லோடை (பொட்டலங்களைச் சிப்பே நேரா கடத்துறது) அணைச்சுடணும், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யாது. தயாரிப்பாளர் மென்பொருளை விட்டு வர்றதுக்கு இது ஒண்ணே எனக்குப் போதுமான காரணம்.

பாலக்கோடு_தக்காளி:
மினி யுபிஎஸ் ஒண்ணு போட்டா பராமரிப்பு நாள் முழுக்கத் தாங்குமா?

அரூர்_ஸ்ப்ளைசர்:
தாங்காது. 2000 எம்ஏஹெச் 18650 செல் மூணு இருந்தா 22 வாட்-மணி. மாத்துறதுல போற நஷ்டம் கழிச்சா 19. ஓஎன்டியும் ரவுட்டரும் சேர்ந்து 12 வாட் இழுத்தா ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். காலை 9 மணிக்குப் போனா மதியம் தாண்டி வர்ற நாளுக்கு வீட்டு இன்வெர்ட்டர்தான். ஆனாலும் மினி யுபிஎஸ் வைங்க, இன்வெர்ட்டர் மாறுற நொடியில் ரவுட்டர் ரீபூட் ஆகாது. 12 வோல்ட், 2 ஆம்பியர் தர்றதா பாருங்க.

ஓசூர்_லூசி:
முதல் தடவை ஏத்துறதையும் அந்த யுபிஎஸ்ல வச்சே ஏத்துங்க. ஃபிளாஷ் எழுதுற ரெண்டு மூணு நிமிஷத்துல கரண்ட் போனா பெட்டி செங்கல் ஆகிடலாம், அதாவது உயிரே வராது. பெருவெளியீடு மாத்துற வேலையைத் தூரத்திலிருந்து செய்யாதீங்க, ஊருக்கு வர்றப்போ வச்சுக்குங்க. அமைப்பு பேக்கப்ல நீங்க சேர்த்த பொதிகள் வராது. அட்டெண்டட் சிஸ்அப்கிரேட் வழியா போனா அதுங்களையும் சேர்த்துக் கட்டித் தரும். பொதிகளை மட்டும் தனியா அப்கிரேட் பண்ற பழக்கம் வேண்டாம், அதுல பல சாதனம் கெட்டிருக்கு.

காவேரிப்பட்டணம்_மாங்கூழ்:
ஊருக்கு வர்றப்போ செய்வார்னா எனக்கு மறுப்பில்ல. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கூட செய்ய மாட்டார்னா, நான் சொன்ன ரவுட்டர்தான். அதை அவரே முடிவு பண்ணட்டும்.

எது வாங்கினாலும், அடாப்டர் ஒவ்வொண்ணுலயும் எந்தப் பெட்டிக்கு, எத்தனை வோல்ட்னு தமிழ்ல எழுதி ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போங்க. 9 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே முனையில் வருது, அப்பா ஒரு நாள் மாத்திச் செருகிடுவார்.