பழைய டிராக்டர் லோடர் சிலிண்டர்: ராடுக்கு ஹார்டு குரோம் எங்கே போடலாம்?

வணக்கம். எங்களுக்கு வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம். அப்பா காலத்து மாஸி பெர்குசன் 1035-இல் லோடர் மாட்டி ஓட்டுகிறோம். எரு அள்ளுவது, தோப்பில் மண் தள்ளுவது எல்லாம் அதில்தான்.

பக்கெட்டைத் தூக்கும் இரண்டு சிலிண்டர்களில் இடது பக்கத்தில் ராடு (சிலிண்டருக்குள் போய்வரும் தண்டு) வழியாக ஆயில் கசிகிறது. போன மாதம் ஒரு பட்டறையில் சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள்) மாற்றிக் கொடுத்தார்கள். பதினைந்து நாள்கூடத் தாங்கவில்லை. துடைத்துப் பார்த்தால் ராடில் துரு தின்ற பள்ளம், நகத்தை ஓட்டினால் தடுக்கிறது. புது சீலின் உதட்டை அதுதான் அறுத்திருக்கிறது. ராடை அப்படியே விட்டு சீலை மட்டும் மாற்றியது தப்பு என்பது என் எண்ணம். எமெரி தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்கிறார்கள். தேய்த்தால் ராடின் மேல் மிச்சமிருக்கும் குரோம் பூச்சும் போய்விடுமே!

ராடு 40 மி.மீ. பழைய குரோமை எடுத்து, கிரைண்டிங் செய்து, புதிதாகக் குரோம் ஏற்றித் தருபவர்கள் காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறார்களா? அல்லது குரோம் போட்ட புது ராடே வாங்கி, லேத்தில் மரை வெட்டி, முனையில் பின் மாட்டும் வளையத்தை (கண்) வெல்டிங் வைப்பது மேலா? செலவு எவ்வளவு வரும்?

அப்புறம் இன்னொன்று. தூக்கி நிறுத்திய பக்கெட், எஞ்சினை அணைத்தபின் மெல்ல இறங்குகிறது. கோளாறு சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் சீலிலா, ஆயிலைத் திருப்பிவிடும் கண்ட்ரோல் வால்விலா? கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா? கட்டை முட்டுக் கொடுக்காமல் அதன் அடியில் யாரையும் நான் விடுவதில்லை.

ஆடிப் பட்டத்துக்கு முன் எரு அடித்தாக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.