மறு: ஸ்டியரிங் 'பிளே'வுக்குத் 'தளர்வு' போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். வண்டிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பட்டியலில், உறுப்புகள் இறுக்கமின்றிச் சும்மா ஆடும் 'பிளே'வுக்கு என்ன சொல் என்ற இழைக்கு இது என் பதில்.

> 'பிளே' என்பதற்குத் 'தளர்வு' என்றே வைத்துவிடலாம். எளிய சொல், எல்லாருக்கும் புரியும். இதற்கு மேல் இழுக்க வேண்டாம்.

இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 'லூஸ்' என்ற ஒரே சொல்லில் அடைத்ததால் ஒரு மழைக்காலம் முழுக்க அவதிப்பட்டவன் நான். தமிழிலும் அதே தப்பைச் செய்யவேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன 1980 மாடல் பத்மினி கார் என்னிடம் இருக்கிறது. பியட் 1100-இன் இந்தியப் பிறவி, ஸ்டியரிங்குக்குக் கீழேயே கியர் கம்பி. ஆனி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த இடம் வந்தாலே வண்டி இடமும் வலமுமாகச் சாடும். இரண்டு கையாலும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாகர்கோவிலில் ஒரு பட்டறையில் விட்டு, "ஸ்டியரிங் லூஸா இருக்கு" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அவரும் லூஸை டைட் செய்தார்: ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டி) மேலிருக்கும் திருகை முறுக்கிவிட்டார்.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் சொல் விவாதமே இந்தத் திருகில்தான் இருக்கிறது. பாக்ஸுக்குள் புழுப்போல மரை சுற்றிய தண்டும் அதைக் கவ்வும் உருளையும் இருக்கின்றன. வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது என்பதால் அந்த நடு இடம்தான் அதிகம் தேயும். ஓரங்கள் புதிது போலவே இருக்கும். தேய்ந்த நடுவைச் சரிக்கட்டும்வரை முறுக்கினால் ஓரங்களில் இறுகிப் பிடிக்கும். என் வண்டிக்கும் அதே கதிதான். திருப்பத்தில் ஒடித்த ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நான்தான் பிடித்து இழுத்து வந்தேன். ஆரல்வாய்மொழியில் பழையபடி சாடியது, முன்பைவிட மோசமாக.

பிறகு தக்கலையில் ஒரு வயதான மேஸ்திரியிடம் போனேன். அவர் திருகைத் தொடவேயில்லை. "சாரே, நீங்க உள்ளே இருந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் லேசா ஆட்டணும்" என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்த்தார். ஸ்டியரிங் வட்டத்தில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை அது எவ்வளவு தூரம் போகிறது என்று அளக்கச் சொன்னார்: 65 மில்லிமீட்டர். பாக்ஸை அவ்வளவு முறுக்கிய பிறகும்! ஐட்லர் ஆம் (பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் கம்பிகளைத் தாங்கும் கை) சுழலும் புஷ் தேய்ந்து கிடந்தது, சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளான டை ராடுகளின் முனைகளில் இரண்டு இளகியிருந்தன. அவற்றை மாற்றி, சக்கரத்தை நேராக வைத்துத் திருகையும் தளர்த்தினார். அளவு 20-க்கு வந்தது.

அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. "லூஸ்" போய்விட்டது, வண்டி மட்டும் நேராக நிற்கவில்லை. இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. முன்சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நின்றன, சில மில்லிமீட்டர்தான். கொஞ்சம் உள்நோக்கி ஒடுங்கியிருக்க வேண்டியவை. அதோடு பின்பக்கம் இடதுபுறப் பட்டை வில்லை (லீஃப் ஸ்பிரிங்கை) அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டின் நட்டும் இளகியிருந்தது. பின்அச்சு தானாகக் கொஞ்சம் கோணினால் வண்டியும் கோணும். ஸ்டியரிங்குக்கு அதில் பங்கே இல்லை.

இதற்கு நேரெதிர் கதையும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஓடும் ஒரு பழைய ஜீப்பில் ஸ்டியரிங் நாலு விரல் அளவு சும்மா சுற்றும். ஆனால் தார்ச்சாலையில் விட்டால் கோடு போட்ட மாதிரி நேராகப் போகும். ஆகவே இவை இரண்டு வேறு நோய்கள். ஒரு சொல்லில் அடைத்தால் மேஸ்திரி தப்பான திருகைத்தான் முறுக்குவார்.

என் முன்மொழிவு: ஸ்டியரிங்கைத் திருப்பியும் சக்கரம் திரும்பாத அந்த வெற்றுத் தூரத்துக்கு 'வெறுந்திருப்பு'. வெறுங்கை, வெறுந்தரை போல. அளந்து சொல்ல வசதியான சொல்: "வெறுந்திருப்பு 65 மில்லிமீட்டர்."

> 'வெறுந்திருப்பு' நன்று. ஆனால் டை ராடு முனையிலும் சக்கரத்து பேரிங்கிலும் இருப்பது திருப்பு அல்லவே? அங்கேயும் 'பிளே' என்றுதானே சொல்கிறோம்?

பாலிடெக்னிக் அக்கா கேட்டது நியாயம். மூட்டில் இருப்பது காரணம், கையில் தெரிவது அதன் கூட்டுத்தொகை. மூட்டுக்கு 'இளக்கம்' சொல்கிறேன். எங்கள் ஊரில் பல்லும் இளகும், ஆணியும் இளகும். உருகுவதையும் இளகுவது என்போம், ஒத்துக்கொள்கிறேன். மெழுகையும் டை ராடையும் யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. மூட்டுகளின் இளக்கங்கள் சேர்ந்து வெறுந்திருப்பு ஆகின்றன. 'விளையாட்டு' என்று ஒருவர் முன்பு எழுதியதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

> வண்டி அங்குமிங்கும் போவதற்கு 'அலைவு' பொருந்தாதா?

காதுக்கு இனிமைதான். ஆனால் பள்ளி இயற்பியலில் தனி ஊசல் ஆடுவது அலைவு, அதற்கு அலைவு நேரம் என்று கணக்கும் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரம் படபடவென்று உதறுகிறதே, அதற்கு வேண்டுமானால் அலைவு சரி. அது உண்மையிலேயே ஊசலாட்டம். வண்டி தடம்விட்டு விலகி விலகிப் போவதில் அப்படி ஒரு சீர் கிடையாது. மேஸ்திரி சொன்னது "வண்டி நேரே நிக்கல்ல" என்று. அதையே பெயராக்கி 'நேர்நில்லாமை' என்கிறேன். நிலையாமை அதிகாரம் நினைவுக்கு வந்து சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இதில் ஒரு லாபமும் இருக்கிறது: எதிர்ச்சொல் 'நேர்நிலை' தானாகக் கிடைத்துவிடுகிறது.

'திசைமாற்றி'யா ஸ்டியரிங்கா என்ற பழைய சண்டையை இந்த இழையில் கிளப்ப வேண்டாம். எனக்கு ஸ்டியரிங்கே போதும்.

ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால், முன்சக்கரம் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தக் கிங்பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, திருப்பிய சக்கரத்தை நேருக்குக் கொண்டுவரும் காஸ்டர், அதற்குச் சொல் அமையவில்லை. 'சாய்கோணம்' என்றால் முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கேம்பரும் அதுதான். 'பின்சாய்வு' எழுதிப் பார்த்தேன், கார் இருக்கையின் முதுகுப்பலகைபோலத் தோன்றியது. யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள், மூன்று சொற்களோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து