பதில்: ஹெட்ரூம் – ‘தலைவெளி’ வேண்டாம், ‘ஒலிச்சேமம்’ என்று வைக்கலாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

சின்ன பப்புகளில் (மதுக்கூடங்களில்) வாசிக்க பேஸ் கிதாருக்கு ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் கருவி, வாங்குவது பற்றித் தமிழில் கையேடு எழுதிக்கொண்டிருக்கும் தம்பி, ஹெட்ரூமுக்கு, அதாவது ஒலி திடீரென ஏறும்போது கரகரக்காமல் இருக்க விட்டுவைக்கும் இடைவெளிக்கு, என்ன சொல் போடலாம் என்று கேட்டிருந்தார். தலைவெளி, மிகைத்திறன், உபரித்திறன் என்று இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்ல வேண்டுமானால் அகராதியை மூடிவைத்துவிட்டு முதலில் அந்த பப்புக்குள் போக வேண்டும், பொருள் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது இங்கிலாந்தில், வார இறுதிகளில் பேஸ் வாசிக்கிறேன். இங்கே சின்ன பப் என்றால் மேடை என்று ஒன்றும் தனியாக இருக்காது. இரண்டு மேசைகளை நகர்த்திவிட்டு ஒரு மூலையில் டிரம்ஸைப் போடுவார்கள், பாடுகிறவருக்கு மட்டும் மைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் இருக்கும், கிதாரும் பேஸும் அவரவர் ஆம்ப்பிலிருந்து நேராக அறைக்குள் போக வேண்டியதுதான். பெரிய அரங்கில் பேஸின் சிக்னலை டி.ஐ. (மைக் இல்லாமல் நேராக இணைக்கும் வெளியீடு) வழியாக மிக்ஸருக்கு எடுத்துவிடுவார்கள், முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப் வாசிப்பவரின் காதுக்கு மட்டும். பப்பில் அந்தத் துணை கிடையாது. உங்கள் டிரம்மர் எவ்வளவு ஓங்கி அடிக்கிறாரோ அதுதான் உங்களுக்கு எவ்வளவு பெரிய ஆம்ப் வேண்டும் என்பதை முடிவு செய்கிறது.

அதற்காக ஏகத்துக்குச் சத்தம் வைக்கவும் முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், மது விற்க உரிமம் உள்ள இடத்தில் காலை 8 முதல் இரவு 11 வரை 200 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு ஆம்ப் வைத்து வாசிக்கத் தனி உரிமம் வேண்டாம் என்று 2012-இல் சட்டம் வந்தது, 2015-இல் அந்த 200 ஐந்நூறாகியது. ஆனால் பக்கத்து வீட்டாரின் புகாருக்கு அந்தச் சட்டம் பதில் சொல்லாது. சில பப்புகளில் சத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் கருவிகளுக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்கிற பெட்டி சுவரில் மாட்டியிருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஹெட்ரூம் என்பது அதிகச் சத்தம் என்று இந்த இழையில் இரண்டு பேர் எழுதிவிட்டீர்கள். அது அப்படியல்ல. மிதமான சத்தத்தில் வாசிக்கிறவருக்கும் அது வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். பேஸின் அடிக்கம்பி, அதாவது ஈ கம்பி, 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து கம்பி பேஸ் என்றால் பி கம்பி 31 ஹெர்ட்ஸ். விரலால் கம்பியைச் சுண்டும் அந்தக் கணத்தில் எழும் முகடு, அந்தச் சுரத்தின் சராசரி அளவைவிட 10 டெசிபெல் மேலே போவது சாதாரணம், கட்டைவிரலால் அடித்து வாசித்தால் இன்னும் மேலே. 10 டெசிபெல் என்றால் 10 மடங்கு வாட். சராசரியாக 20 வாட் செலவாகும் வாசிப்புக்கு முகடு வரும் கணங்களில் 200 வாட் தேவைப்படுகிறது. அந்த 20-க்கும் ஆம்ப் தெளிவாகத் தரக்கூடிய உச்சத்துக்கும் இடையே ஒதுங்கி நிற்கிறதே, அதைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். அது தீர்ந்தால் அலையின் முகடு தட்டையாக வெட்டப்படுகிறது, சுரம் கரகரக்கிறது. கிளிப்பிங் என்கிற இதற்கு ‘முகடுவெட்டு’ என்று போடலாம். முகடு, அகடு என்று பள்ளியிலேயே படித்த சொற்கள்தானே.

இப்போது வந்த சொற்களைப் பார்ப்போம்.

> தலைவெளி என்றால் மூலத்தோடு ஒட்டியும் இருக்கும், சொல்லவும் எளிது.

ஒட்டியிருப்பதுதான் சிக்கல். தமிழில் ஒரு பெயருக்கு முன்னால் ‘தலை’ வந்தால் நாம் முதன்மை என்று படிக்கிறோம்: தலைநகர், தலைவாசல், தலைமகன். தலைவெளி என்று பார்க்கிறவர் ஏதோ முக்கியமான திடல் என்றுதான் நினைப்பார். மாடிப்படியில் தலை இடிக்காமல் இருக்க விடுகிற உயரத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் இருக்கிறது என்பதற்காக நாமும் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிப்போட வேண்டியதில்லை.

> வாட் அதிகம் என்பதுதானே விஷயம். மிகைத்திறன் என்று போட்டால் முடிந்தது.

இந்தக் கருத்தை எழுதிய ஐயா மின்னணுவியல் சொல்லிக்கொடுத்தவர், அவர் சொல்வதை லேசாகத் தள்ள முடியாது. ஆனாலும் இதைத்தான் நான் அழுத்தமாக மறுக்கிறேன், ஏனென்றால் பேஸ் ஆம்ப் வாங்குகிறவர்களை ஏமாற்றுவது இந்த வாட் எண்தான், சொல்லும் அதையே திரும்பச் சொன்னால் கையேடு படிப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

முதலில் வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். 300 வாட் ஹெட்டுக்கும் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) 500 வாட் ஹெட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 டெசிபெல். காதுக்குத் தெரியும், ஆனால் பணப்பைக்குத் தெரிகிற அளவுக்குத் தெரியாது. அதே சமயம் ஒரு வாட்டுக்கு 3 டெசிபெல் அதிகம் தருகிற ஸ்பீக்கர் பெட்டியைத் தேர்ந்தெடுத்தால், ஆம்ப்பை மாற்றாமலேயே வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அப்புறம் ஹெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் 500 வாட் பெரும்பாலும் 4 ஓம் சுமைக்கானது (சுமை என்பது பெட்டியின் மின்தடை, அதன் அலகு ஓம்). ஒரே ஒரு 8 ஓம் பெட்டியை மாட்டினால் அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் வரும். இன்னொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் சுமை 4 ஓம் ஆகி முழு வாட்டும் வெளியே வரும், ஸ்பீக்கரில் அதிரும் கூம்புகளின் பரப்பும் இரண்டு மடங்காகும், இரண்டும் சேர்ந்து 6 டெசிபெல் வரை ஏறும். இதையெல்லாம் ‘மிகைத்திறன்’ என்ற சொல் காட்டாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. பேஸில் பல நேரம் முதலில் திணறுவது ஆம்ப் அல்ல, ஸ்பீக்கரின் கூம்பு. ஒரே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். அதற்கு ஓர் எல்லை உண்டு. துளை வைத்த பெட்டிகளில், பெட்டி இசைவாக்கப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போய், வாட் மிச்சமிருக்கும்போதே கூம்பு எல்லையைத் தொட்டுப் புடைத்துக் கத்துகிறது. பி கம்பி வாசிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இதற்கு மருந்து இன்னும் வாட் வாங்குவது அல்ல, 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடும் ஒரு ஹைபாஸ் ஃபில்டர். ஃபில்டரைப் போட்டதும் ஹெட்ரூம் கூடுகிறது, வாட் ஒன்றுகூட ஏறவில்லை. அப்படியிருக்க அதற்கு மிகைத்திறன் என்று எப்படிப் பெயர் வைப்பது?

ஆம்ப்பில் தாழ்ந்த ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பேஸ் குமிழையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நன்றாக இருக்கிறதே என்று அடிஒலியை 6 டெசிபெல் ஏற்றி வைக்கிறவர்கள் நிறைய. அந்தப் பகுதிக்கு மட்டும் வாட் தேவை நான்கு மடங்காகிவிடுகிறது. பப்பில் ஆம்ப்பை மூலையில் வேறு ஒட்டி வைப்போம், இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியை இன்னும் ஊதிப் பெருக்கும், அறை முழுக்க ஒரு முழக்கம் நிற்கும், எந்தச் சுரம் வாசிக்கிறோம் என்று யாருக்கும் விளங்காது. நமக்கே கேட்கவில்லை என்று வால்யூமைக் கூட்டுவோம். கேட்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பீக்கர் நம் முழங்காலைப் பார்த்து வாசித்துக்கொண்டிருப்பதுதான். சுரத்தைத் தெளிவாக்கும் நடு அதிர்வெண்கள் நேர்கோட்டில் போகிறவை. ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்தாலோ பின்பக்கம் சாய்த்து வைத்தாலோ வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம். அதுவும் ஹெட்ரூமைக் கூட்டுகிற வழிதான். மேலும் 41 ஹெர்ட்ஸ் முழு பலத்தோடு வராவிட்டாலும் அதன் மேற்சுரங்களிலிருந்து காது அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்கிறது, அதனால் அடி ஒலியை வெட்டுவதற்கு இவ்வளவு பயப்படத் தேவையில்லை. இந்தப் பத்தியைக் கையேட்டில் அப்படியே எடுத்துக்கொண்டாலும் எனக்கு மகிழ்ச்சி, தம்பி.

உபரித்திறன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உபரி என்பது செலவு போக மிஞ்சியது, வேண்டாததும்கூட. ஹெட்ரூம் மிஞ்சியது அல்ல. தேவைப்படும் என்று தெரிந்தே முன்கூட்டி ஒதுக்கி வைப்பது.

தெரிந்தே ஒதுக்கி வைப்பதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: சேமம். புறநானூறு 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர்கள் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகிற ‘சேம அச்சு’ பற்றிச் சொல்கிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பண்டம் அதிகம். வழியில் பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யாருக்குத் தெரியும் என்று இன்னொரு அச்சைக் கூடவே கொண்டுபோகிறார்கள். சமதரையில் வண்டி ஓடும்போது அந்த அச்சுக்கு வேலையே இல்லை. மேடு பள்ளம் வரும்போது அது இல்லாவிட்டால் பண்டமும் போயிற்று, பயணமும் போயிற்று. முகடு எழும் கணத்துக்காக ஆம்ப்பிலும் பெட்டியிலும் நாம் விட்டு வைப்பது இதேதான். இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே என் முன்மொழிவு ‘ஒலிச்சேமம்’. சேமத்திறன் என்றும் யோசித்தேன், ஆனால் திறன் வந்தால் வாட் நினைப்பு திரும்பவும் வந்து உட்காரும். தவிர, இலங்கைப் பாடநூல்களில் வாட்டால் அளப்பதற்கு வலு என்று பெயர், அங்கே படித்தவர்களுக்குத் தமிழகத்தின் ‘திறன்’ குழப்பம் தரும். சேமம் இரண்டு பக்கமும் புழங்கும் சொல். தமிழகத்தில் சேமிப்பு, சேமநிதி. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதி. சேமம் என்றால் நலம் என்றுதானே பொருள் என்று யாராவது கேட்கலாம். அந்தப் பொருளும் உண்டு, ஆனால் முன்னால் ‘ஒலி’ இருக்கும்போது யாரும் நலம் விசாரிப்பதாகப் படிக்க மாட்டார்கள்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பாருங்கள். “இந்த காம்போவில் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) ஒலிச்சேமம் குறைவு, டிரம்மர் ஓங்கி அடித்தால் கரகரக்கும்.” “பேஸ் குமிழைக் குறை, சேமம் தானாகக் கூடும்.” ஒலிப்பதிவு செய்கிறவர்களும் எடுத்துக்கொள்ளலாம்: “6 டெசிபெல் சேமம் விட்டு மிக்ஸ் அனுப்பு.” பின்னொட்டு ஏற்கிறது, குறுக்கினாலும் பொருள் கெடவில்லை.

ஆம்ப்புக்கு ஒலிபெருக்கி என்று போடலாமே என்ற யோசனைக்கும் ஒரு வரி. வேண்டாம். ஒலிபெருக்கி என்றால் ஊரில் கோயில் திருவிழாவில் கட்டுகிற கூம்பு, அதாவது ஸ்பீக்கர். பேஸ் வாசிப்பவருக்கு சிக்னலைப் பெருக்குகிற ஹெட் ஒன்று, ஒலி எழுப்பும் பெட்டி இன்னொன்று, இரண்டும் ஒரே உடலில் இருந்தால் காம்போ. இவற்றைக் கலந்துவிட்டால் கையேடே விளங்காது. தமிழகத்துப் பாடநூலில் பெருக்கி, இலங்கையில் விரியலாக்கி, இரண்டுமே நல்ல சொற்கள்தான், கட்டுரைகளில் எழுதுங்கள். வாங்குகிறவருக்கான கையேட்டில் ஆம்ப் என்றே இருக்கட்டும். வாசிக்கிறவர்கள் வாயில் ஏற்கெனவே உள்ள சொல்லை மாற்றுவதைவிட, அவர்களுக்கு இன்னும் பிடிபடாத கருத்துக்குப் பெயர் வைப்பது அவசரம் என்பது என் கருத்து.

வரலாறு சேர்க்க வேண்டுமா என்று தம்பி கேட்டிருந்தார். இரண்டு ஆம்ப்புகளை மட்டும் சொல்லுங்கள், அவை ஒலிச்சேமத்தையே விளக்கிவிடும். 1960-இல் வந்த ஆம்பெக் பி-15, ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட் வால்வு ஆம்ப். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் சிறிய கிளப்புகளுக்குக் கொண்டுபோனது அதைத்தான் என்பார்கள். அதே நிறுவனம் 1969-இல் 300 வாட் எஸ்.வி.டி. என்ற ஆம்ப்பைக் கொண்டுவந்தது, பெரிய மேடைகளில் ராக் குழுக்களின் சத்தத்துக்கு முன்னால் பழைய ஆம்ப்புகளின் சேமம் போதாமல் போனதால்.

இன்றைக்கு வாங்கப்போகிறவருக்கு என் பரிந்துரை: டிரம்மரோடு வாசிக்கும் சின்ன பப்புக்கு 300 முதல் 500 வாட் கிளாஸ் டி (எடை குறைந்த ஆம்ப் வகை) ஹெட், இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் இராது, அதோடு நல்ல உணர்திறன் உள்ள, அதாவது ஒரு வாட்டுக்கு அதிக ஒலி தருகிற, 12 அங்குலப் பெட்டி ஒன்று. அதே மாதிரி இன்னொன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ள வழி இருக்கட்டும், அதற்கு முதல் பெட்டி 8 ஓமாக இருக்க வேண்டும். டி.ஐ. வெளியீடு கட்டாயம். கஹோன் (கையால் தட்டும் பெட்டித் தாளக்கருவி) வைத்துக்கொண்டு மெதுவாக வாசிக்கும் குழு என்றால் 100 வாட் காம்போவே போதும். ஹெட்டுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மலிவான பெட்டி வாங்குகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுங்கள்.

கையேட்டின் சொற்பட்டியலில் சேர்க்க இப்படி எழுதியிருக்கிறேன்:

ஒலிச்சேமம்: ஓர் ஒலிக்கருவி வழக்கமாக இயங்கும் அளவுக்கும், முகடுவெட்டோ கூம்பின் திணறலோ இல்லாமல் அது தரக்கூடிய உச்ச அளவுக்கும் உள்ள இடைவெளி, டெசிபெலில் அளப்பது.

மறுப்பு இருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள், ஐயாவின் கருத்தைக் குறிப்பாக எதிர்பார்க்கிறேன். இலங்கை நண்பர்கள் யாராவது, அங்கே சேமம் என்ற சொல் இயற்பியல் பாடத்தில் வேறு எதற்காவது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் நல்லது.